நான்காவது இணைப்பு

நெய்வேலி,
24-4-1967

அன்புள்ள தம்பி கிறிஸ்துதாசுக்கு,

தேவமாதாவின் துணையால் நான், மேரிசெல்வி, மாப்பிள்ளை மூவரும் சௌக்கியம். நீயும் பிலோமினாவும் சுகந்தானே? உன் இருமல் விட்டதா? என் முழங்கால் காலையில் மட்டும் வலிக்கிறது. அதற்காக மருந்து எதுவும் அனுப்ப வேண்டாம். போன முறை அனுப்பியதே பிரிக்காமல் இருக்கிறது. மேரிசெல்விக்கு ஆஸ்பத்திரியில் இந்த மாதம் பிற்பகல் ஷிப்ட். அவள் திரும்பி வரும்வரை வீடு நிசப்தமாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ப்ளாக்கில் ஒரு வெல்டர் இருக்கிறான். சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் வெட்டும் பெரிய சக்கர இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் காண்ட்ராக்டரிடம் அவனுக்கு வேலை. இயந்திரத்தின் நீண்ட கையில் நான்கு இடங்களில் எஃகுத் தகடு வைத்து இணைத்தான். சக்கரபாணி என்ற பரிசோதகர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டு, நான்கும் தேறவில்லை என்று எழுதிவிட்டார். வெடிப்பு இல்லை. ஓட்டை இல்லை. உள்ளே இழுப்பு இருக்கிறதாம். இந்த மாதம் பர்மனெண்ட் ஆகியிருக்க வேண்டியவன். இப்போது பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதத்துக்குள் அவை தேறாவிட்டால் காண்ட்ராக்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

இரும்புக்குள் இழுப்பு என்றால் என்ன? கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு பெட்டி எப்படி அத்தனை நிச்சயமாகச் சொல்கிறது? எனக்குப் புரியும்படி எழுது. சுருக்கி எழுதாதே. நான் கன்னியாஸ்திரீகளிடம் கணக்கும் விஞ்ஞானமும் படித்தவள் என்பது உனக்கு நினைவிருக்கும்.

மாப்பிள்ளையிடமே கேட்கலாமே என்பாய். அவருக்கு வேறு பிரிவு. வேலையும் அதிகம்.

உறையின் மேல் வழக்கம்போல் ‘திரு. செபாஸ்டின், இன்ஜினியர், அவர்கள் வீடு’ என்று எழுது. தவறாமல் வந்துவிடுகிறது.

உன் அக்காள்,
ஆரோக்கியம்மாள்


பெங்களூர்,
1-5-1967

பிரியமுள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

இருமல் போய்விட்டது. மருந்துக்குப் போனதா, பிலோமினாவின் மிளகுக் கஷாயத்துக்குப் பயந்து போனதா தெரியவில்லை. உங்கள் முழங்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் திட்டுவீர்கள்.

உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பதினோரு வருஷமாக நான் செய்யும் வேலையைப் பற்றி வீட்டு மனிதர் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

இரண்டு தகடுகளுக்கு நடுவே எஃகை உருக்கி விடுகிறார்கள். ஆறும்போது அது சுருங்கப் பார்க்கும். இரு பக்கமும் உள்ள தகடு குளிர்ந்து கெட்டியாக நிற்பதால் சுருங்க விடாது. ஆகவே இணைப்பு இழுபட்ட நிலையிலேயே இறுகிப்போகிறது. மேலே தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இழுப்பு வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கியிருக்கும். அதன்மேல் பாரமும் சேர்ந்தால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். அதற்காகத்தான் இணைத்த பிறகு மறுபடி சூடுகாட்டி, போர்த்தி, மிக மெதுவாக ஆறவிடுகிறார்கள்.

இதுவரை அந்த இழுப்பை அளக்க எஃகில் துளை போட வேண்டியிருந்தது. நாங்கள் துளை போடுவதில்லை. காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறோம். இழுபட்ட எஃகில் ஒலி கொஞ்சம் மெதுவாகப் போகும். கொஞ்சம் என்றால் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு. அதே எஃகில் இழுப்பே இல்லாத கட்டி ஒன்றைச் செய்து வைத்திருப்போம். முதலில் கட்டியில் அளவு, பிறகு இணைப்பில் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இழுப்பு.

இன்னொன்று. நெய்வேலிக்கு அந்தப் பெட்டியோடு போயிருக்கும் முறைத்தாளை, அதாவது அளக்கும் விதத்தைப் படிப்படியாகச் சொல்லும் தாளை, எழுதியவன் உங்கள் தம்பிதான். சக்கரபாணி இங்கே மூன்று வாரம் இருந்து என்னிடம் கற்றுக்கொண்டு போனவர். அக்டோபரில் ஒரு பெரிய கூட்டத்தில் கட்டுரை படிக்கப் போகிறேன். நெய்வேலி அளவுகளும் அதில் வருகின்றன.

அந்த வெல்டரை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கை முறிந்தால் கீழே நிற்பவர்களின் கதி என்ன, அக்கா?

மேரிசெல்விக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

தங்கள் தம்பி,
கிறிஸ்துதாஸ்


நெய்வேலி,
9-5-1967

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். வெயில் மட்டும் சுகமில்லை. தார்ச்சாலையில் செருப்பு ஒட்டுகிறது. உன் கடிதத்தை மாப்பிள்ளைதான் தபால்காரரிடம் வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார். விளக்கம் தெளிவாக இருந்தது. உன் வேலையைப் பற்றி இத்தனை வருஷம் கேட்காதது என் தவறு.

உன் முறைத்தாளையே பார்த்துவிட்டேன். தேறவில்லை என்ற சீட்டோடு அதன் நகலையும் அந்த வெல்டரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு இங்கிலீஷ் வராது. படித்துச் சொல்லச் சொன்னான். ப்ளாக்கில் இங்கிலீஷ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையா என்று கேட்காதே. கடைசிப் பக்கத்தில் உன் பெயரின் இரண்டு எழுத்துகளைப் பார்த்தபோது, சிறு வயதில் நீ சிலேட்டின் மூலையில் போடும் அதே சுழி இருந்தது. உன் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது. மூன்றாம் பாராவில் ஒரு வாக்கியம் மட்டும் நீளம்.

தாளில் இருப்பதை எல்லாம் படித்துச் சொன்னேன். யார் எழுதியது என்று மட்டும் சொல்லவில்லை.

அவனுக்கு மனம் சரியில்லை. நேற்றும் ரசத்தோடு எழுந்துவிட்டான். மோர் விட்டால் தட்டை நகர்த்துகிறான். முன்கையில் பொறி பட்ட இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்து வைத்தால் தடவிக்கொள்ளாமல் போகிறான். ஒரு வார்த்தை குறையாகச் சொல்வதில்லை. குறை சொன்னாலாவது பதில் சொல்லலாம்.

பெட்டி தவறாகச் சொல்ல வாய்ப்பே இல்லையா? நேராகப் பதில் எழுது.

உன் அக்காள்,
ஆரோக்கியம்மாள்


பெங்களூர்,
15-5-1967

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே இரண்டு மழை பெய்துவிட்டது. பிலோமினா உங்களுக்குக் கம்பளி பின்ன ஆரம்பித்திருக்கிறாள். நெய்வேலியில் கம்பளி எதற்கு என்றேன்; கேட்கவில்லை.

நேராகவே எழுதுகிறேன். பெட்டிக்கு யாரும் வேண்டியவர் இல்லை, வேண்டாதவரும் இல்லை. நாற்பது முறை சோதித்த முறை அது. நான்கு இணைப்பிலும் ஒரே மாதிரி அதிக இழுப்புக் காட்டுகிறது என்றால், சூடுகாட்டிய பிறகு அவசரமாக ஆறவைத்திருக்க வேண்டும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் சிலர் தண்ணீர் ஊற்றிவிடுவது உண்டு. அவர் அப்படிச் செய்தாரா என்று கேட்டுப் பாருங்கள். நான் குற்றம் சொல்வதாக அவர் நினைக்க வேண்டாம்.

அந்த வெல்டருக்கு ரசத்தையும் மோரையும் பார்த்துப் பரிமாற வீட்டில் ஒருவர் இருக்கிறாரே, அது அவர் பாக்கியம். மோர் வேண்டாம் என்றால் விட்டுவிடச் சொல்லுங்கள். சிலருக்கு வற்புறுத்தினால் சாப்பாடே இறங்காது.

தங்கள் தம்பி,
கிறிஸ்துதாஸ்


நெய்வேலி,
24-5-1967

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். பிலோமினாவிடம் கம்பளியை முடிக்கச் சொல். மார்கழியில் இங்கும் குளிரும்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். மேரிசெல்வி ஷிப்டுக்குப் போயிருந்தாள். அந்த வெல்டரை உட்காரச் சொல்லி, முதல் நாளிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னேன். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தான்.

தண்ணீர் ஊற்றினாயா என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். “கொதிக்கிற சோத்துப் பானையில பச்சத்தண்ணி ஊத்துறவன் வெல்டரா இருக்க மாட்டானுங்க” என்றான். கல்நார்த் துணியால் போர்த்தி, மறுநாள் காலைவரை அதைத் தொட யாரையும் விடவில்லையாம். போர்மன் வைத்திலிங்கம்கூட, உன் பெண்டாட்டியை இப்படிப் போர்த்தினாயா என்று கேலி செய்தாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அடுத்து, பரிசோதனை அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி இயந்திரம் நின்ற பிறகுதான் மேலே ஏற முடியும். சக்கரபாணி எண்ணெய் தடவினார், கம்பிகளை மாட்டினார். பெட்டியும் உன் கட்டியும் ஆபீஸில் குளிர்சாதன அறையில் இருப்பவை. வெயிலில் கெட்டுவிடும் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். கட்டியைக் கம்பளித் துணியில் சுற்றி, மடியில் ஏந்துவதுபோல் எடுத்து வந்தார். கம்பி மாட்டும்வரை இவன் கையில் கொடுத்தார்.

“அந்த வெயில்ல அது சில்லுனு இருந்துச்சுங்க. கன்னத்துல வச்சிக்கலாமான்னு தோணுச்சு” என்றான்.

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினேன். நீ நின்றிருந்த தகடு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“அதுலயாங்க? சாக்கு போட்டுக்கினுதான் மண்டி போட்டோம். கைய வச்சா தோலு உரிஞ்சிக்கும்.”

தம்பி, உன் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். எண்ணெய் எவ்வளவு, கையை எப்படி அழுத்துவது, எத்தனை முறை அளப்பது எல்லாம் இருக்கிறது. கட்டியும் இணைப்பும் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பெங்களூரில் இரண்டும் ஒரே மேஜைமேல் கிடந்திருக்கும். உனக்கு அதை எழுத வேண்டிய அவசியமே தோன்றியிராது.

இரண்டு பொருளை ஒப்பிட வேண்டுமானால், எதை அளக்கிறோமோ அது தவிர மற்ற எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று சிஸ்டர் பெர்னதெத் சொல்லிக்கொடுத்தார். சூடான எஃகில் ஒலி எப்படிப் போகும்? அதே வேகத்திலா? எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் கேட்கிறேன்.

உடனே பதில் எழுது. ஜூன் முதல் தேதி பட்டியல் போடுகிறார்கள்.

உன் அக்காள்,
ஆரோக்கியம்மாள்


நெய்வேலி,
14-6-1967

தம்பிக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா என்று மட்டும் ஒரு கார்டு போடு.

முதல் தேதி அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது வடலூரில் ஒரு பட்டறையில் ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் பற்றவைக்கிறான். காலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுகிறான். கேட்டுகள் நன்றாக வருகின்றனவாம். அதில் யாரும் பெட்டி வைத்துப் பார்ப்பதில்லை என்று சொல்லிச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

என் கேள்வி உன்னைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

ஆரோக்கியம்மாள்


பெங்களூர்,
20-6-1967

அண்ணிக்கு நமஸ்காரம்.

அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். சாப்பிடுகிறார். ஆபீஸ் போகிறார். சாயங்காலம் உட்கார்ந்து உங்களுக்குத்தான் எழுதுகிறார், எழுதிக் கிழிக்கிறார். என்ன என்று கேட்டால், அக்கா கேட்டதற்குப் பதில் தெரியும் பிலோமி, அதுதான் கஷ்டம் என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் கோபப்படாமல் இருங்கள். கம்பளியில் ஒரு கை முடிந்தது.

பிலோமினா


பெங்களூர்,
2-7-1967

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதியோடு இதை ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் மே 26-ஆம் தேதி கிடைத்தது. 27-ஆம் தேதி காலை, ஒரே கட்டியை ஐஸ் தண்ணீரில் வைத்து அளந்தேன். பிறகு வெந்நீரில் வைத்து அளந்தேன். சூட்டில் ஒலி மெதுவாகிறது. முப்பது டிகிரி ஏறினால் ஆயிரத்தில் மூன்று பங்கு. பலமாக இழுபட்ட எஃகில் எவ்வளவு மெதுவாகுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல, அக்கா. படித்ததுதான். இங்கே வருஷம் முழுவதும் ஒரே அறை, ஒரே மேஜை. தாளில் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. நெய்வேலியில் சக்கரபாணி அளந்தது இழுப்பை அல்ல. வெயிலை.

அன்று காலையே தெரிந்துவிட்டது. உங்களுக்கு எழுத முப்பத்தாறு நாள் ஆயிற்று. கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. முதல் வாரம், இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வாரம், புதிய தாளைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம், பழையது தவறு என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்போது உங்கள் ஜூன் கடிதம் வந்தது. வடலூர், ஜன்னல் கம்பி. அதற்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். இதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

நேற்றுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். காண்ட்ராக்டருக்கும் வைத்திலிங்கத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். தவறு முறைத்தாளை எழுதிய என்னுடையது, பரிசோதகருடையதோ வெல்டருடையதோ அல்ல என்பது முதல் வரி. கட்டியை முந்தின மாலையே இணைப்பின் பக்கத்தில் கட்டிவைக்க வேண்டும். மறுநாள் வெயில் ஏறுமுன் அளக்க வேண்டும். இரண்டிலும் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வெல்டரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெயரை எழுதினீர்களானால் அவருக்கே நேராகக் கடிதம் எழுதுவேன்.

தங்கள் தம்பி,
கிறிஸ்துதாஸ்


நெய்வேலி,
7-7-1967

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முப்பத்தாறு நாளை நான் மன்னிக்கிறேனா என்று கேட்கவில்லை, நல்லது. அந்த அதிகாரம் எனக்கில்லை. ஏன் இல்லை என்பதைக் கேள்.

பெயர் கேட்டிருந்தாய். பெயர் செபாஸ்டின். ஊர் முத்தாண்டிக்குப்பம். அப்பா அம்மா கூலிக்கு முந்திரி பொறுக்கியவர்கள். என் மகள் மேரிசெல்வியின் கணவர்.

அவர் இன்ஜினியர் அல்ல. ஒருநாளும் இருந்ததில்லை. மேரிசெல்வி ஆஸ்பத்திரியில் அவர் கைக்குக் கட்டுப் போட்டு, அப்படிப் பழகி, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். ஹெட்மாஸ்டர் வீட்டுப் பெண் ஒரு வெல்டரையா என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் கேட்பார்களே என்ற பயத்தில், கல்யாணக் கடிதத்தில் உனக்கு இன்ஜினியர் என்று எழுதினேன். ஒரு வார்த்தைதானே, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன். மூன்று வருஷமாகிவிட்டது. இந்த மூன்று மாதமும் அவரையே ‘அவன்’ என்றும், ‘எங்கள் ப்ளாக்கில் ஒரு வெல்டர்’ என்றும் உனக்கு எழுதினேன். என் முழங்கால் முடங்கியபோது கடலூருக்கு வந்து, என்னையும் என் பீரோவையும் லாரியில் ஏற்றி, பீரோ ஆடாமல் வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவதில்லை என்ற வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. “தண்ணீர் வைத்திருக்கிறது” என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். “மேரி, சாப்பிடச் சொல்” என்பேன். மே மாதம் உன் கேள்வியைக் கேட்பதற்காக அவரை உட்கார வைத்தேனே, அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்து முதன்முதலாகப் பேசினேன்.

உன் கடிதம் வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளை எழுதியது என் தம்பி என்றும், உனக்கு நான் என்ன எழுதியிருந்தேன் என்றும். அவர் கைலியின் நுனியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிறகு, “தெரியுங்க அத்தை. எல்லாக் கவர்லயும் எம் பேருக்குப் பின்னால போட்டிருக்குமே. இங்கிலீஷ் வராது, தமிழ் வருங்க” என்றார்.

தபால்காரரிடம் அந்த உறைகளை வாங்கி என் மேஜையில் வைத்தது யார் என்று உனக்கே எழுதியிருக்கிறேன். மூன்று வருஷமாக, ஒவ்வொரு முறையும்.

தபால்காரர் இன்ஜினியர் சார் என்று கூப்பிட்டுச் சிரிப்பாராம். அதற்கு இவர், “பெரியவங்க ஆசைக்கு எழுதுறாங்க, இருந்துட்டுப் போகட்டும்” என்பாராம். இதை மேரிசெல்வி சொன்னாள்.

ஆகவே நீ முப்பத்தாறு நாளுக்காகத் தலை குனிய வேண்டாம். என்னுடையது அதைவிட நீளம்.

இனி உறையின் மேல் என்ன எழுதுவது என்பதை உனக்கே விடுகிறேன்.

உன் அக்காள்,
ஆரோக்கியம்மாள்


பெங்களூர்,
12-7-1967

பிரியமுள்ள அக்காவுக்கு,

நீங்கள் இப்போது சொன்னது எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். மாப்பிள்ளை கை குலுக்கியபோது முன்கையில் பொட்டுப் பொட்டாகப் பழைய தழும்புகள் பார்த்தேன். வெல்டர்களோடுதான் எனக்குப் பிழைப்பு. அந்தத் தழும்பு இன்ஜினியர்களுக்கு வராது. நீங்களும் என்னை அவர் வீட்டாரிடம் பேசவிடாமல் நாள் முழுவதும் பங்குச் சாமியாரோடு உட்கார வைத்தீர்கள். நீங்களாகச் சொல்லும்வரை கேட்கக்கூடாது என்று இருந்துவிட்டேன். உறையின் மேல் நீங்கள் சொன்னபடியே எழுதினேன். அதை வாங்குபவர் அவர்தான் என்பதை யோசிக்கவில்லை. அதுவும் என் தாளில் விட்டுப்போன ஒரு வரி.

ரசம், மோர் கடிதத்தில்தான் அந்த வெல்டர் யார் என்று புரிந்தது. புரிந்த பிறகுதான் ‘பெட்டிக்கு யாரும் வேண்டியவர் இல்லை’ என்று எழுதினேன். நம் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தேதான் அந்த முப்பத்தாறு நாளும் சும்மா இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் போன கடிதத்தில் எழுதியதும் பொய்யாகிவிடும்.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் இதே உறையில் வைத்திருக்கிறேன். தமிழில்.

தங்கள் தம்பி,
கிறிஸ்துதாஸ்


நெய்வேலி,
23-7-1967

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். என் முழங்காலுக்கு நீ அனுப்பிய மருந்தைப் பிரித்துவிட்டேன். நாற்றம் சகிக்கவில்லை, வலி குறைந்திருக்கிறது.

வியாழக்கிழமை மறுபடி அளந்தார்கள். புதன் மாலையே சக்கரபாணி கட்டியை இணைப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாராம். விடியும்போது அவரும், வரச்சொல்லியிருந்த மாப்பிள்ளையும் மேலே ஏறியிருக்கிறார்கள். வைத்திலிங்கம் கீழே நின்று, வெப்பமானி எங்கே, வெப்பமானி எங்கே என்று கத்திக்கொண்டிருந்தாராம். முதல் மூன்று இணைப்பும் தேறிவிட்டன. தாராளமாகத் தேறின என்றார் சக்கரபாணி.

நான்காவது தேறவில்லை.

ஏற்கெனவே ஒரு முறை தவறாகச் சொன்ன சக்கரபாணி, மறுபடி அளக்கிறேன் என்று கம்பியைக் கழற்றப் போனார். மாப்பிள்ளைதான் தடுத்திருக்கிறார். “வேணாங்க சார். நாலாவது மேல எனக்கே சந்தேகந்தான். அன்னிக்குக் கோட மழை வந்துடுச்சு. துணி போத்துறதுக்குள்ள நனஞ்சிடுச்சு. பொட்டி சொல்றது சரிதான்” என்றாராம். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வைத்திலிங்கம் கேட்டதற்கு, நாலும் தப்பு என்று சொன்னபோது எதை என்று சொல்வது என்றாராம்.

அதை வெட்டியெடுத்து, புதிதாக இணைத்து, சூடுகாட்டிப் போர்த்திவிட்டார். நேற்றுக் காலை அளந்தார்கள். தேறியது. பெயர் பட்டியலில் திரும்ப வந்துவிட்டது. பர்மனெண்டுக்கு ஆகஸ்டில் பார்ப்போம் என்கிறார்கள். ஆகட்டும்.

உன் முறை வீணான முறை அல்ல, தம்பி. மழையில் நனைந்த ஒன்றை, வெளியே ஒன்றும் தெரியாதபோதும், அது கண்டுபிடித்திருக்கிறது. கட்டுரையைத் திருத்தி அடுத்த வருஷம் படி. முறைத்தாளின் மூன்றாம் பாராவில் அந்த நீளமான வாக்கியத்தையும் உடைத்துவிடு.

உன் உறை பதினைந்தாம் தேதி வந்தது. வழக்கம்போல் மாப்பிள்ளைதான் வாங்கிவந்தார். ஆனால் மேஜைமேல் வைக்கவில்லை. வாசலிலேயே நின்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘திரு. செபாஸ்டின், வெல்டர், அவர்கள் வீடு.’ பிறகு என் கையில் கொடுத்தார். நான் பிரித்து, அவருக்கு நீ எழுதியதை அவரிடம் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் எதிரில் படிக்கவில்லை. என்ன எழுதியிருந்தாய் என்று நானும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வந்து, “கவரு உங்களுக்கு வேணுங்களா அத்தை?” என்றார். எதற்கு என்று கேட்டேன். “சும்மாதாங்க” என்றார். கொடுத்துவிட்டேன். மேரிசெல்வி ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைக்கும் தகரப் பெட்டியில் அது இருக்கிறது.

அன்று சாப்பாட்டுக்கு மேரி இல்லை. நான்தான் பரிமாறினேன். ரசம் முடிந்ததும் மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே, “மோர் விடட்டுமா, மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“வேணாங்க அத்தை. எனக்கு மோரு சின்ன வயசுலேருந்தே புடிக்காதுங்க” என்றார்.

மூன்று வருஷமாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சரி என்று சொம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

உன் அக்காள்,
ஆரோக்கியம்மாள்